நாலு விரல் இடைவெளி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன். இரண்டாம் லிஃப்டின் கதவு மூடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறதாம். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கதவில் ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் மாடி வாசலில் ஒரு குடும்பமே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. தாய், தகப்பன், இரண்டு பக்கத்துச் சொந்தம், துணி மூட்டை மாதிரி ஒரு குழந்தை, தலைக்கு மேல் ஒரு கொத்துப் பலூன். கதவு மூட வரும்போதெல்லாம் ஒரு பலூன் ஆடி அசைந்து குறுக்கே வந்து சென்சாரை மறைக்கிறது. கதவு பாவம் என்ன செய்யும்? ஆள் நிற்பதாக நினைத்துத் திறந்துவிடுகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மனிதர்கள்தான்.

“சார், ஒரே நிமிஷம். பாப்பா முதல் தடவையா வீட்டுக்குப் போறா.”

“தாராளமா போகட்டும். அதுக்குத்தானே லிஃப்டே வெச்சிருக்கு.”

ஒரு நிமிடம் நீண்டுகொண்டே போனது. மாமாக்காரர் கண்ணை மூடிவிட்டாராம், மறுபடியும் எடுக்க வேண்டுமாம். பிளேடை எடுத்தேன், பலூன் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தேன். மொத்தக் கொத்தும் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. கதவு மூடிற்று. வேலைச் சீட்டில் எழுதினேன்: கோளாறு, இல்லை. காரணம், பலூன்.

வீட்டுக்கு வந்து இவளிடம் பெருமையாகச் சொன்னேன். காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் மாதம். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் கால் வீங்கிவிடுகிறது.

“கயிறை வெட்டிட்டீங்களா? அடப்பாவி!” என்று சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: “குழந்தை எப்படி இருந்துச்சு?”

“பார்க்கல.”

“அவ்வளவு பக்கத்துல நின்னுமா?”

“நான் கதவைப் பார்க்கப் போனவன்மா.”

டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.


பிப்ரவரி 8, ஞாயிறு

டைரக்டர் வந்திருந்தாள். இவளுடைய தங்கை. விளம்பரக் கம்பெனியில் வீடியோ வெட்டி ஒட்டுவது அவள் வேலை. வீட்டில் யாராவது தும்மினால்கூட ‘இன்னொரு தடவை தும்முங்க, லைட் சரியில்ல’ என்பாள். அதனால் வந்த பெயர். கூடவே அத்தையும், அதாவது என் மாமியார்.

லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டத்தை விளக்கினாள். முதலில் வயிறும் கையுமாக அக்கா படம். அப்புறம் குழந்தை பிறந்த அறிவிப்பு. கடைசியில் குழந்தை வீட்டுக்கு வருகிற நாள், அதுதான் கிளைமாக்ஸாம். குழந்தைக்குத் தனிப் பக்கம்கூடத் திறந்துவிட்டாள். பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஆளே இன்னும் வரவில்லை. அதற்குள் நூற்றுச் சொச்சம் பேர் பின்தொடர்கிறார்கள். என் பக்கத்துக்குப் பதினொரு பேர். அதில் ஒன்று லிஃப்ட் உதிரிபாகக் கடை.

“பிள்ளை பெத்துக்கறோமா, கடை திறக்கறோமா?” என்றேன்.

“மாமா, இப்பல்லாம் எல்லாரும் பண்றாங்க.”

“அதான் எல்லாரும் பண்றாங்களே. நாம ஒருத்தர் பண்ணாட்டி உலகம் நின்னுடாது.”

அத்தை என் பக்கம். “பொறக்கறதுக்கு முன்னாடி ஊரைக் கூட்டக் கூடாதுடி. கண்ணு படும். யாரும் மூச்சு விடாதீங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, அத்தையின் போன் கத்தியது. சொந்தக்காரர்கள் குரூப். போன வாரம் எடுத்த ஸ்கேன் படம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கீழே யாரோ ஒரு பெரியம்மா, ‘மூக்கு நம்ம வீட்டு மூக்கு’ என்று எழுதியிருக்கிறார்.

“அத்தை, இது என்ன?”

“அது சொந்தம் மாப்ள. சொந்தக்காரங்க கண்ணு ஒண்ணும் பண்ணாது.”

“எத்தனை பேர் இருக்காங்க அந்தக் குரூப்ல?”

“எல்லாம் நம்ம ஆளுங்கதான்,” என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

இவள் இந்தச் சண்டையிலேயே இல்லை. டைரக்டர் மாதிரிக்குக் காட்டிய படம் ஒன்றை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண், வயிற்றின் மேல் கை.


பிப்ரவரி 9, திங்கள்

பதினொன்று இன்று பத்து. உதிரிபாகக் கடை போய்விட்டது.


பிப்ரவரி 15, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

டைரக்டர் இரண்டு உடுப்போடு வந்தாள். ஒன்று சந்தன நிறம், ஒன்று கடல் பச்சை. எது வேண்டும் என்று கேட்டாள். இவள் பச்சையைத் தொட்டாள். தொட்டது மட்டும் இல்லை, எடுத்துத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா?

“போன தடவை மாதிரி ஏதாவது ஆச்சுன்னா, இந்தப் படத்தையெல்லாம் யார் உக்காந்து அழிக்கறது? நீயா, நானா?”

டைரக்டரைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் அறைக்குள் மூன்று பேர் இருந்தோம்.

போன வருடம். மூன்றாம் மாதம். நாங்கள் இரண்டு பேர், டாக்டர், அத்தை, டைரக்டர். வேறு யாருக்கும் தெரியாது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் உறுதியாக இருந்தேன், அத்தையும் தலையாட்டினார்.

இவள் பச்சை உடுப்பை மடித்தாள். மடிப்புக் கலையாமல், கடையில் மடிக்கிற மாதிரி. மடித்துவிட்டுச் சொன்னாள்: “நீ ஒரு மெஷின்.”

இவள் என்னை ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். ‘நீ’ வந்தால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து இது மூன்றாவது ‘நீ’.

ஏன்டா சொன்ன? பயமா இருக்குன்னு சொல்ல வாய் வரல. இதுதான் வந்துச்சு. பயம்னு ஒரே வார்த்தை, அதைச் சொல்றதுக்கு என்ன கேடு?


பிப்ரவரி 16, திங்கள்

சாயங்காலம் கடைக்குப் போய்க் கூட்டி வந்தேன். நடந்தே வந்தோம். பாதி வழியில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தாள், கால் வலிக்கிறது என்று. நான் நின்றேன்.

“பயமா இருக்கு. அதான் அப்படிச் சொன்னேன்,” என்றேன், ஒரே மூச்சில்.

“எனக்கு இல்லையா?”

அவளாகவே பேசினாள். இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

“போன தடவை யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் நாலு நாள் லீவு போட்டுட்டுக் கடைக்குப் போனேன். முதலாளியம்மா கேட்டாங்க, என்னடி முகம் இப்படி இருக்கு, காய்ச்சலான்னு. ஆமாங்கன்னேன். வேற என்ன சொல்றது? பாவம், அவங்க கசாயம் மாதிரி என்னமோ வெச்சுக் குடுத்தாங்க. நானும் குடிச்சேன். என் பிள்ளை எல்லாருக்கும் காய்ச்சலாப் போயிடுச்சுங்க.”

அப்புறம்: “ஒரு படம்கூட இல்ல. இது நல்லபடியா வரும், நான் நம்பறேன். ஆனா வருதோ வரலையோ, இது இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும். அழிக்கறதைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. நீங்க எதுக்கு யோசிக்கறீங்க?”

உட்கார்ந்தேன். பெஞ்சு ஈரம். பேன்ட் முழுக்க ஈரம். அதைப் பார்த்து முதலில் சிரித்தது அவள்தான்.


பிப்ரவரி 17, செவ்வாய்

கடல் பச்சைதான் நன்றாக இருக்கும் என்று டைரக்டருக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு அழுகிற முகமும் ஒரு சிரிக்கிற முகமும் வந்தன. எந்த முகத்துக்குப் பதில் போடுவது?


மார்ச் 1, ஞாயிறு

படப்பிடிப்பு. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைச் சுவர்தான் பின்னணி. வெள்ளையடித்த சுவர் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

டைரக்டர் கொண்டுவந்த விளக்கு முகத்தில் நிழல் அடித்தது. லிஃப்ட் குழியில் இறங்கும்போது நான் மாட்டுகிற வேலை விளக்கைக் கொண்டுவந்து, மேலே பழைய தலையணை உறையைச் சுற்றினேன். வெளிச்சம் பால் மாதிரி இறங்கிற்று.

“மாமா, இவ்வளவு திறமையை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

“குழியில.”

இவள் முதல் பத்து நிமிடம் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றாள். அப்புறம் உள்ளே அந்த ஆள் ஓர் உதை விட்டது. “ஆ!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டைரக்டர் அமுக்கிவிட்டாள். அதுதான் படம்.


மார்ச் 3, செவ்வாய்

படம் ஏறிவிட்டது. கீழே எழுத வேண்டிய வரியை இவளே எழுதினாள். ‘இது எங்களுக்கு ரெண்டாவது. முதலாவதுக்குப் படம் இல்லை.’ அவ்வளவுதான்.

ஒருத்தன் ‘லைட்டிங் சுமார்’ என்று போட்டிருக்கிறான். விளக்கின் வாட், தலையணை உறையின் துணி, சுவரின் வெண்மை எல்லாம் சொல்லி அவனுக்கு மூன்று பத்தி எழுதினேன். டைரக்டர் போன் செய்தாள். “மாமா, நீங்க இனிமே கருத்து சொல்லக் கூடாது. லைக் மட்டும்.”


மார்ச் 8, ஞாயிறு

செய்திகள் நிற்கவே இல்லை. பாதி வாழ்த்து, மீதி வேறு. யார் யாரோ பெண்கள், எந்த ஊரோ. ‘எனக்கும் ஒண்ணு.’ ‘எனக்கு ரெண்டு, யாருக்கும் தெரியாது.’ ஒரு ஆண்பிள்ளைகூட எழுதியிருந்தார், ‘என் மனைவி பேசவே மாட்டாள், இதைக் காட்டினேன், பேசினாள்’ என்று. இவள் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதுகிறாள். மருந்துச் சீட்டுக்கு எத்தனை வேளை என்று எழுதுகிற அதே கவனம்.

மத்தியானம் ஒரு கூத்து. அத்தை, மகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதாக நினைத்து, படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டார்: ‘உனக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு இருந்துச்சுமா. உங்க அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பத்திரமா இரு. ராத்திரி பால் குடி.’

டைரக்டர் பதறிப்போய்ப் போன் போட்டாள். “அம்மா, அதை உலகமே படிக்குதும்மா! அழிச்சுடறேன்.”

அப்புறம் அத்தை கேட்டாராம், “எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?” டைரக்டர் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறாள்.

“அவ்வளவு பேரா? சரி, இருக்கட்டும். பால் குடிக்கச் சொன்னதையும் படிச்சிருப்பாங்கல்ல?”


ஏப்ரல் 19, ஞாயிறு

கிளைமாக்ஸ் பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று, எங்கள் நாலாம் மாடி லிஃப்ட் வாசலில் கேமரா. கதவு மெதுவாக, மிக மெதுவாகத் திறக்க, உள்ளே அக்கா, கையில் பாப்பா. எல்லோரும் கைதட்ட, வண்ணக் காகிதம் பறக்க.

“ஸ்லோ மோஷன் நான் வீடியோவிலயே பண்ணிக்கறேன் மாமா.”

“எதுக்கு ஏமாத்து வேலை? கதவையே மெதுவா திறக்க வைக்கறேன்.”

சொன்ன பிறகுதான் தோன்றியது, இதை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. இந்தக் கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்பில்தான் இருக்கிறது. வேகத்தை மாற்ற எனக்கு இரண்டு நிமிடம். என்ன ஆகிவிடப் போகிறது?


மே 24, ஞாயிறு

ஒத்திகை. கதவு திறக்கிற வேகத்தைப் பாதியாக்கினேன். தள்ளுகிற பலத்தையும் குறைத்தேன், நடுவில் வெடுக்கென்று இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்படி. வேலையில் என்னோடு வருகிற கிரீஸை அழைத்திருந்தேன். அவன் அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. எந்தச் சட்டை போட்டாலும் கிரீஸ் கறை வந்துவிடும், அதனால் கிரீஸ்.

அவன்தான் தாய். கிரீஸ் டப்பாவைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே நின்றான். கதவு திறந்தது. மேகம் விலகுகிற மாதிரி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

“அண்ணா, குழந்தையை இன்னும் பாசமா பாருங்க,” என்றாள் டைரக்டர்.

“பாசமாத்தான் பார்க்கறேன். மூடி லூசா இருக்கு, சட்டையில கொட்டிடும்.”

இவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள். ஆறு தடவை ஒத்திகை. ஆறிலும் தாய் கிரீஸ்தான், ஆறிலும் கதவு அழகு.


ஜூன் 10, புதன்

பெண். அழுதாள். நானும்.


ஜூன் 12, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத நேரமில்லை என்பது பொய். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எந்த ஆஸ்பத்திரியில் பலூன் கயிற்றை அறுத்தேனோ அதே ஆஸ்பத்திரிதான். கீழே வரவேற்பில் குழந்தை படம் எடுக்க ஒரு மூலையே வைத்திருக்கிறார்கள். பின்னால் நிலா, மேகம், ‘இன்று வந்தேன்’ என்று எழுதிய பலகை. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் பல்லைக் கடிப்பேன். இன்று டீ வாங்கப் போனபோது பலகை காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அங்கே வேலை செய்கிற பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“சார், நீங்க அந்தப் பலூன் சார்தானே?”

“அவன் என் அண்ணன்,” என்றேன்.

அத்தை குழந்தையின் முகத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த முறை நிஜமாகவே கண்டிப்பு. குரூப்புக்குக் கால் படம் மட்டும் போயிருக்கிறது. ‘கால் நம்ம வீட்டுக் கால்’ என்று பதில் வந்தாயிற்று. நாளைக்கு முகம் தெரியுமே, என்ன செய்வது என்று டைரக்டர் கவலைப்படுகிறாள். துணியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று சமாதானம்.

நாளை வீடு.


ஜூன் 13, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கார் வந்து நின்றது. மேலே பலூனும் காகிதமுமாக எல்லோரும் தயார் என்று டைரக்டர் செய்தி. எனக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள், ‘மாமா, பை படத்துல வரக் கூடாது’ என்று என் கருவிப் பையைப் பிடுங்கி மேலேயே வைத்துக்கொண்டாள். லிஃப்டில் நாங்கள் மூன்று பேர். இவள், கையில் பாப்பா, பக்கத்தில் அத்தை, அப்புறம் நான். நாலாம் மாடி. நின்றது. வெளியே டைரக்டர், “ரெடி... போலாம்!” என்று கத்துவது கேட்டது.

கதவு திறந்தது. மெதுவாக. அழகாக. மேகம் விலகுகிற மாதிரி.

நாலு விரல் விலகியது. நின்றுவிட்டது.

கொஞ்சம் முனகியது. மறுபடி முயன்றது. மறுபடி நாலு விரல். அப்புறம் மாடி எண் காட்டுகிற இடத்தில் கோளாறு எண் வந்து உட்கார்ந்தது. என் இத்தனை வருட வேலையில் நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எண் அது: கதவு குறித்த நேரத்துக்குள் திறக்கவில்லை.

நடந்தது உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலையிலேயே ஆசை தாங்காமல் வண்ணக் காகிதத்தை வீசி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். காகிதம் கதவு ஓடுகிற பள்ளத்தில் போய் அடைத்துக்கொண்டது. சாதாரண வேகத்தில், சாதாரண பலத்தில் ஓடுகிற கதவு அதை நசுக்கிக்கொண்டு போயிருக்கும். இது என் கதவு. பூ மாதிரித் தள்ளுகிற கதவு. பலூனைக் காரணம் எழுதியவன் இப்போது எதைக் காரணம் எழுதுவான்?

இல்லாத கருவிப் பையைத் தேடிக் கை தோளுக்குப் போயிற்று. அத்தை என் முழங்கையைப் பிடித்தார்.

“பதறாதீங்க மாப்ள. காத்து வருது.”

மாட்டிக்கொண்டவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம். எனக்கே திருப்பிச் சொல்கிறார்.

இடைவெளியில் கிரீஸின் மூக்கு தெரிந்தது. “கரென்ட்டைக் கட் பண்ணவா? மாடிக்கு நேராத்தான் நிக்குது. அப்புறம் ரெண்டு பேரும் கையால தள்ளினா வந்துடும். ஒரு நிமிஷ வேலை.”

“பண்ணு. சீக்கிரம்.”

“இரு,” என்றாள் இவள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ‘நீ’. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. கண்ணில் நீர் கோர்க்கிற அளவுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

“இரு. திறக்காத. அங்க பாரு.”

பார்த்தேன். இடைவெளியில் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து கண்கள். எல்லாம் ஒற்றைக் கண். கீழே பிள்ளைகள், நடுவே எதிர் வீட்டுப் பல் டாக்டர், உச்சியில் மூன்றாம் மாடித் தபால்காரர். கண்ணு படக் கூடாது, கண்ணு படக் கூடாது என்று நான்கு மாதமாகச் சொன்ன அத்தைக்கு எதிரே கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவரே சிரித்துவிட்டார்.

“வரிசையா வாங்க, தள்ளாதீங்க,” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “ஒரு ஆளுக்கு ஒரு பார்வை!”

இவள் ஒரு அடி முன்னால் போய், துணியை விலக்கி, பாப்பாவின் முகத்தை இடைவெளிக்கு நேராகப் பிடித்தாள். வெளியே கூச்சல் அடங்கிற்று. ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் தூக்கவில்லை, கிள்ளவில்லை, போனை நீட்டவில்லை. நாலு விரல் சந்தில் கண்ணை வைத்தால் போனுக்கு இடம் கிடையாது. வந்து, குனிந்து, பார்த்துவிட்டுப் போனார்கள். தபால்காரர், “வணக்கம்மா,” என்றார், பெரிய மனுஷியிடம் சொல்வது போல. பல் டாக்டர், “பல் வந்ததும் என்கிட்ட கூட்டிட்டு வாங்க,” என்றார். பிள்ளைகளில் குட்டிப் பையன், “இவ்ளோ சின்னதா? இதுக்கா இவ்ளோ பலூன்?” என்று ஏமாந்து போனான்.

டைரக்டர் கடைசியாக வந்தாள் என்று நினைத்தேன். அழுதிருக்கிறாள். “எல்லாம் போச்சு அக்கா. ஒரு ஷாட்கூட இல்ல.” கையை உள்ளே விட்டாள். பாப்பா அவள் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்புறம் அவள் ஷாட் பற்றிப் பேசவில்லை.

அவளுக்குப் பின்னால் இன்னொரு ஆள். மருந்துக்கடை முதலாளியம்மா. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். இடைவெளியில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னியேடி,” என்றார். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“இதுதான் ரெண்டாவதா?”

“ஆமாங்க. ரெண்டாவது.”

“வாடி என் ரெண்டாவது பேத்தி,” என்று பாப்பாவிடம் சொன்னார். “உனக்கு மூத்ததுக்கும் சேர்த்து நீ நல்லா இருக்கணும்.”

நான் கதவுப் பக்கம் திரும்பி, கதவைத்தான் ஆராய்கிறேன் என்பது போல நின்றேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடையாது. ஒரு நிமிடத்தில் திறக்கக்கூடிய கதவின் முன்னால் இவ்வளவு நேரம் நான் சும்மா நின்றது இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாலும் தேவலை என்று இருந்தது.

பாப்பா அழ ஆரம்பித்தாள். பசி. “இப்பத் திறங்க,” என்றாள் இவள். ‘ங்க’ வந்துவிட்டது. கிரீஸ் கரென்ட்டை நிறுத்தினான். நான் உள்ளேயிருந்தும் அவன் வெளியேயிருந்தும் தள்ளினோம். வெள்ளைச் சட்டையில் பெரிய கை அடையாளம். அவனுடையதுதான். கட்டிப்பிடித்தான்.


ஜூன் 14, ஞாயிறு

பள்ளத்தைச் சுத்தம் செய்தேன். வேகமும் பலமும் பழையபடி.


ஜூன் 21, ஞாயிறு

டைரக்டருடைய கேமராவில் இருப்பது மூடிய கதவும் ஒரு வரிசை முதுகும். ஆனால் லிஃப்ட் கூரையில் ஒரு கேமரா இருக்கிறதே! கட்டடச் செயலாளரிடம் கேட்டு அந்தப் பதிவை எடுத்தேன். சத்தம் கிடையாது, நிறம் சொல்லும்படி இல்லை. உச்சியிலிருந்து பார்வை. மூன்று தலை, ஒரு துணிப் பொட்டலம், ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டில் நிழல்கள் வந்து வந்து போகின்றன. பாப்பாவின் முகம் எங்கேயும் தெரியாது. அத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, “இதைப் போடுங்க, இதுல கண்ணு ஒண்ணும் பண்ணாது,” என்று அனுமதி கொடுத்தார்.

என் தலையில் உச்சியில் முடி குறைந்திருப்பதை இப்போது உலகம் அறியும்.


ஜூன் 24, புதன்

மேலாளர் கூப்பிட்டார். எங்கெங்கோ இருக்கிற லிஃப்ட் ஆட்களெல்லாம் அந்த வீடியோவுக்குக் கீழே கூடிவிட்டார்கள். ‘எந்தப் புண்ணியவான் இந்த வேகம் வெச்சது?’ என்று ஒரே விவாதம்.

“அது நம்ம லிஃப்ட்தானே?”

“ஆமா சார்.”

“வேகத்தை யாருய்யா மாத்தினது?”

“நான்தான் சார்.”

“எதுக்கு?”

“ஸ்லோ மோஷனுக்கு.”

நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார். இன்னொரு தடவை செய்தால் வேலை இருக்காது என்றார். நியாயம். கதவு வரை போனபோது கூப்பிட்டார். “பாப்பா யார் ஜாடை?”


ஆகஸ்ட் 11, செவ்வாய்

பிரசவ ஆஸ்பத்திரி. இரண்டாம் லிஃப்டின் கதவு மூடவில்லையாம். மூன்றாம் மாடிக்குப் போனால் அதே காட்சி, வேறு குடும்பம். பலூன் கொத்து. தகப்பன் என் பையைப் பார்த்ததும், “சாரி சார், சாரி சார், முடிஞ்சுது,” என்று பின்வாங்கினார்.

கயிற்றைச் சுருக்கிக் கட்டிக் கொடுத்தேன், பலூன் குறுக்கே வராமல். கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு, அவர் போனை வாங்கி நானே எடுத்தேன். தகப்பன் இல்லாமல் என்ன குடும்பப் படம்? மாமாக்காரர் கண்ணை மூடிவிட்டார். இன்னொன்று எடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். இவள் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“குழந்தை எப்படி இருந்துச்சு?”

“தலை நிறைய முடி, முன்னாடி மட்டும் குத்திட்டு நிக்குது. இடது காது மடங்கியிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும், நம்ம பாப்பாவுக்கும் அப்படித்தானே இருந்துச்சு. தூக்கத்துலயே நெத்தியைச் சுருக்குது, யாரோ கணக்கு கேட்ட மாதிரி. ஒரு கையை வெளிய விட்டு, சுண்டு விரலை மட்டும் நீட்டிக்கிட்டு...”

சொல்லிக்கொண்டே போனேன் போலிருக்கிறது. இவள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி, கதவு என்ன ஆச்சு?”

“கதவா?” என்றேன். “நாளைக்குப் போய்ப் பார்க்கணும்.”